ஆற்றுப் பக்கம், ரோட்டுப் பக்கம்

நந்தனத்தைத் தாண்டித் தேனாம்பேட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். காலில் செருப்பு இல்லை. கோல்ஃப் கிளப் கொடுத்த கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்தபோது என் செருப்பை ஷெட்டுக்குப் பின்னாலேயே மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மனசு வரவில்லை. தார் ரோடு சுடத் தொடங்கியிருந்ததால் மரம் இருந்த ஓரமாகவே போனேன். சட்டையில் பித்தளை வில்லை குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். முப்பத்தொன்று என் நம்பர். அந்த வில்லை அப்போது கிளப் செகரட்டரியின் மேஜைமேல் கிடந்தது.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பை முடிக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். பிறகு விறகுத் தொட்டி, அச்சாபீஸ், ஈக்காட்டுத்தாங்கலில் லாரி ஷெட், அடையாற்றில் புதுக் கட்டடங்களுக்குத் தண்ணீர் விடும் வேலை. எல்லா இடத்திலும் ஒருநாள் காலையில் கிளம்பிப் போய்விடுவேன். யாரும் துரத்தியதில்லை. ஆனால் இன்னொருவர் வேலையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கோல்ஃப் சொல்லிக்கொடுக்க இப்போது மெஷின் வந்திருக்கிறதாம். பந்து எப்படிப் பறந்தது, எதனால் அப்படிப் பறந்தது என்று அதுவே எழுதிக் காட்டிவிடுமாம். அது இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று இப்போது இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எதிரில் நிற்கும் வேலை

அறுபதுகளின் கடைசியில் அடையாற்றுக் கரையை ஒட்டியிருந்த ஒரு கிளப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அப்போது அங்கே குழியைச் சுற்றிப் பச்சைப் புல் கிரீன் கிடையாது. மணலில் பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து இழுத்து வைத்திருப்பார்கள். பிரவுன் என்று பெயர். வெயில் ஏறினால் மைதானம் முழுக்க ஒர்க்‌ஷாப் வாசனை வரும்.

ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர்கள் கேடிகள். வாடகைக்கு இடம் கேட்கப் போனால் கேடி வேலை பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது, கதவைச் சாத்திவிடுவார்கள். நான் அந்த வேலைக்குக்கூடப் போகவில்லை. பிராக்டிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கும் வேலை எனக்கு. மெம்பர்கள் இந்தக் கோடியிலிருந்து அடிப்பார்கள். நூற்றைம்பது கஜம் தள்ளி, அவர்களுக்கு எதிரே, பந்து வந்து விழும் இடத்தில் நான் நிற்க வேண்டும். விழுந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டு, நாற்பது ஐம்பது சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பந்து எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று ஆற்றில் போனாலும் முகம் சுளிப்பார்கள். என்மேல் விழுந்தால் அவ்வளவு சுளிக்கமாட்டார்கள். முதல் மாதத்திலேயே தோள் எலும்பில் ஒன்று வாங்கினேன். பதினைந்து நாள் இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையால் பொறுக்கினேன்.

எதிரில் நிற்கிறவனுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் புரிந்துவிடும். முதலில் ஸ்டிக் இறங்குவது தெரியும். பந்து கிளம்பிக் கொஞ்சம் தூரம் வந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். சத்தத்துக்காகக் காத்திருந்தால் பந்தை விட்டுவிடுவோம். மேகம் இருந்தால் பந்து நன்றாகத் தெரியும். துடைத்துவிட்ட நீல வானத்தில் காணாமல் போகும். பக்கவாட்டில் நகரும் பந்துக்குப் பயப்பட வேண்டாம். வானத்தில் அசையாமல் ஒரே இடத்தில் நின்று, பெரிதாகிக்கொண்டே வருகிறதே, அதுதான் தலையில் விழப்போகும் பந்து.

பயத்தில் கற்றுக்கொண்டது பிறகு பழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்துக் கணக்கில், பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஸ்டிக் வீசப்பட்டிருக்கிறது. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பகுதி, திரும்பியிருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் அடித்தவர் என்ன தப்புச் செய்தார் என்று அவர் முகத்தையே பார்க்காமல் சொல்லிவிடலாம். ஒரு வருஷத்தில் எனக்கு மெம்பர்களை முகத்தைவிட அவர்கள் பந்து வளைவதை வைத்துத்தான் அதிகம் தெரியும்.

2. மாஸ்டரின் கண்

கிளப்பின் கோச் ஆரோக்கியசாமி. சாந்தோம்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடித்துவிட்டு லேட்டாக வருவார். மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இரண்டாமவளுக்கு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சட்டம் உண்டு. அடித்த பிறகு தலையைத் தூக்கக்கூடாது. "பந்த நான் பாத்துக்கறேன். நீங்க தரையப் பாருங்க" என்பார். மெம்பர்களும் கேட்டுக்கொள்வார்கள். நல்ல சட்டம்தான். அதற்குள் இன்னொரு காரணமும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் ஒருவர் அடித்த பந்து வலது பக்கம் வளைந்து ஆற்று வேலி வரை போய் விழுந்தது. மாஸ்டர், "நேரா போச்சு, சூப்பர்" என்றார். காற்று என் பக்கம் வீசியதால் எனக்கே கேட்டது. அதிலிருந்து அவரைக் கவனித்தேன். அவர் தலை பந்தோடு திரும்புவதில்லை. ஸ்டிக் பந்தில் படும்போது காதைக் கொஞ்சம் சாய்ப்பார். சத்தத்தை வைத்தே பந்தின் தலையில் பட்டதா, அடியில் மண்ணில் பட்டதா என்று சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் பந்து வலது பக்கம் போனதா, இடது பக்கம் போனதா என்று சத்தம் சொல்லாது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கைகால் கழுவும் குழாயடிக்கு அவராகவே வந்தார்.

"பாத்துட்டியா?"

"என்ன மாஸ்டர்?"

"நடிக்காத நைனா. அங்கேர்ந்து என்னையே பாத்துக்கினு கீறே, அது மட்டும் எனக்குத் தெரியுது."

இரண்டு கண்ணிலும் புரை. ஆள் தெரியும், முகம் தெரியாது. ஐம்பது கஜத்துக்கு மேல் பந்து தெரியாது.

"ஆபரேஷன் பண்ணிக்கக்கூடாதா?" என்றேன்.

"பண்ணிக்கினா சோடாபுட்டி மாட்டி வுடுவான். அதப் போட்டுக்கினு நின்னா எவன் என்கிட்ட ஸ்விங் கத்துக்குவான்? தை மாசம் கோயில்ல பொண்ணுக்குக் கல்யாண ஓல படிக்கப்போறாங்க. மாப்ள வூட்ல கிளப் கோச்சுன்னு சொல்லித்தான் பொண்ணு எடுக்கறாங்க. அது வரிக்கும் ஓட்டணும்."

என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது தெரியுது. பந்து தெரியல. எந்தப் பக்கம் போச்சுன்னு இத வச்சிக் காட்டேன்."

நான் ஒப்புக்கொண்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக நான் பார்த்து வைத்திருந்ததை யாரும் கேட்டதில்லை. அவர் கேட்டார்.

3. எட்டு நாள் தப்பு

ஆரம்பத்தில் நான் அதிகப் புத்திசாலித்தனம் பண்ணினேன். எதிரெதிராக நிற்கிறோம், அவருடைய வலது எனக்கு இடது. ஆகவே அடித்தவரின் வலது பக்கம் பந்து போனால் கணக்குப் போட்டு என் வலது கையில் துண்டைத் தூக்கினேன். அவரோ எந்தக் கணக்கும் போடாமல் துண்டு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தார். என் வலது கை அவருக்கு இடது பக்கம்தானே தெரியும்? எட்டு நாள் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதில் மாட்டியவர் சங்கரலிங்கம். தி. நகரில் ஜவுளிக்கடை முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கட்டையான ஆள், நல்ல மனுஷர். பேங்க் மேனேஜர்களும் மில் ஏஜெண்டுகளும் ஆடுகிற ஆட்டம் என்பதால் கற்றுக்கொள்ள வந்தார். அவர் பந்து வலது பக்கம் வளையும். இடது பக்கம் வளைகிறவருக்குச் சொல்லும் வைத்தியத்தை மாஸ்டர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் சொல்லச் சொல்லப் பந்து இன்னும் அதிகமாக ஆற்றுக்குப் போனது. எட்டாம் நாள் சங்கரலிங்கம் சட்டத்தை மீறித் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், நீங்க சொல்லுத மாதிரிதான செய்யுதேன்? பந்து பூரா ஆத்துக்குல்லா போவுது! மீனுக்கு வெளயாட்டுச் சாமான் சப்ளை பண்ணுததுக்கா நான் மெம்பர் ஆனேன்?"

அன்றைக்குக் குழாயடியில் மாஸ்டர் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. முடித்துவிட்டுச் சொன்னார்: "உன் வலதும் வாணாம், என் வலதும் வாணாம். ஆத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா? அத மட்டும் காட்டு."

அதுதான் கடைசி வரை எங்கள் பாஷை. அடிக்கிறவரின் வலது பக்கம் ஆறு, இடது பக்கம் ரோடு. பந்து கிளம்பிய பக்கம் துண்டை முதலில் நீட்டுவேன். பிறகு வளைந்த பக்கம் கொண்டுபோவேன். நேராக வந்தால் துண்டு தலைமேல். பார்க்கிறவர்களுக்கு வெயிலுக்கு விசிறிக்கொள்கிற மாதிரி இருக்கும். பின்னால் வேறு ஊர்களில் நானே கோச்சாக நின்றிருக்கிறேன். அப்போதும் வலது இடது என்று சொன்னதில்லை. அங்கே இருக்கிற மரத்தையோ கட்டடத்தையோ காட்டித்தான் சொல்வேன். மனுஷன் திரும்பி நின்றால் வலது மாறிவிடும், மரம் மாறாது.

4. துணி உருட்டுகிற மாதிரி

பந்தைப் பார்த்தது நான். அதை ஆளுக்குத் தகுந்த வார்த்தையாக மாற்றியது மாஸ்டர். அந்த வித்தை எனக்கு இன்றுவரை முழுசாக வரவில்லை.

சங்கரலிங்கத்தின் பந்து தினமும் ஒரே மாதிரி. ரோட்டுப் பக்கம் கிளம்பி ஆற்றுப் பக்கம் வளையும். ஸ்டிக்கை வெளியிலிருந்து தன் பக்கமாகக் குறுக்கே இழுக்கிறார் என்று அர்த்தம். ஒரு மாதம் சொல்லியும் மாறவில்லை. ஒருநாள் மாஸ்டர் கேட்டார்:

"மொதலாளி, கடைல நீங்களே துணி கிழிப்பீங்களா?"

"பின்ன? இருவது வருசம் நான்தான கிழிச்சேன். இப்பந்தான் ஆளு வச்சிருக்கேன்."

"கிழிச்சிக் காட்டுங்க."

இல்லாத துணியைக் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கி, சர்ரென்று தன் வயிற்றுப் பக்கம் இழுத்துக் காட்டினார்.

"அதான். பந்தையும் கிழிக்கிறீங்க. கிழிக்காதீங்க. கஸ்டமர் முன்னால துணியை எப்டிப் பிரிப்பீங்க?"

சங்கரலிங்கம் யோசித்தார். பிறகு கையை உடம்போடு ஒட்டி வைத்து, பீஸைக் கவுண்டரின் அந்தக் கோடிக்கு உருட்டி விடுகிற மாதிரி வீசினார்.

"அப்டியே. ஆத்து மூலைல ஒரு பொம்பள உக்காந்துகினு கீறா. அவளுக்கு உருட்டி வுடுங்க."

"அவ எடுப்பாளா?"

"எடுக்காம எங்க போவா?"

உடனே வரவில்லை. எட்டு மாதம் ஆயிற்று. கிளம்பும் பந்து கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. ஆற்றுப் பக்கம் வளைவது குறைந்தது. மாஸ்டருக்கு ஒரே ஆசை. அந்தப் பந்து ஆற்றுப் பக்கம் கிளம்பி, ரோட்டுப் பக்கமாக உள்ளே வளைந்து, நடுவில் விழ வேண்டும். "அது மட்டும் ஒரு தபா வந்துச்சின்னா அப்புறம் அவருக்கு நான் தேவையில்ல" என்பார். தினமும் சாயங்காலம் குழாயடியில், "இன்னிக்கி உள்ள திரும்புச்சா?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன்.

5. மூன்றாவது பந்து

சந்தேகம் பந்தால் வரவில்லை, சலாமால் வந்தது. கமிட்டி மெம்பர் ஒருவர் எதிரே வந்தபோது மாஸ்டர் சலாம் வைக்காமல் கடந்து போய்விட்டார். இரண்டு தடவை. திமிர் என்றார் ஒருவர், குடி என்றார் இன்னொருவர். கடைசியில் யாரோ கண் என்றார்கள். கமிட்டியின் மனசில் வேறு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார் என்றும் பேச்சு.

செகரட்டரி மயிலாப்பூர்க்காரர். டென்னிஸ் ஆடியவர். கோல்ஃப் பந்து கிளம்பினால் வானத்தில் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முட்டாள் இல்லை. அன்று காலை ஏழரைக்கு பிராக்டிஸ் மைதானத்துக்கு வந்து மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். சங்கரலிங்கம் அடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல எதிரே துண்டோடு. ஆறேழு பந்துக்கு மாஸ்டர் ஒன்றும் பிசகாமல் சொன்னார். செகரட்டரி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"என்னது இது, துண்டை ஆட்டிண்டு?"

"வெயில் சார்."

"ஏழரை மணிக்கா? அங்க நிக்க வேண்டாம். இங்க என் பக்கத்துல நில்லு." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோ ஆரோக்கியசாமி. மூணே மூணு பந்து. இவன் பந்தைப் பாக்கத் தெரிஞ்சவன்னு எல்லாரும் சொல்றா. நீங்க சொல்றது சரியான்னு இவன் சொல்லட்டும்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. சங்கரலிங்கம் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. செகரட்டரிக்குப் பந்து தெரியாது. சங்கரலிங்கம் வாயைத் திறக்கமாட்டார். மூன்று தடவை நான் "சரி சார்" என்றால் போதும். மாஸ்டர் பெண்ணின் கல்யாணம் வரை இருப்பார். அதற்கு இன்னும் மூன்று மாதம்தான்.

முதல் பந்து. "கொஞ்சம் ஆத்துப் பக்கம்" என்றார் மாஸ்டர். அது அவருடைய ஊகம். ஆனால் பந்து அப்படித்தான் போனது.

"சரி சார்."

இரண்டாவது. "நல்ல சத்தம். ஆனா ஆத்துப் பக்கம்தான்."

அது கிட்டத்தட்ட நேராகப் போனது. "சரி சார்" என்றேன். பொய் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை.

மூன்றாவது பந்துக்குச் சங்கரலிங்கம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டார். அடித்தார்.

நான் அந்தக் கிளப்பில் மூன்று வருஷம் இருந்தேன். பந்து என்னை நோக்கி வந்துதான் பார்த்திருக்கிறேன். என்னை விட்டு விலகிப் போகும் பந்தை அடிக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது ஆற்றுப் பக்கம் போனது. உயர ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு யாரோ மெதுவாகத் தோளைப் பிடித்துத் திருப்பிய மாதிரி உள்ளே வளைந்து, நடுவில், நான் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே விழுந்தது.

மாஸ்டர் காதைச் சாய்த்தபடி சொன்னார்: "ஆத்துப் பக்கம். ஸ்டிக் மொகம் தொறந்துடுச்சு."

"இல்ல மாஸ்டர்! உள்ள திரும்புச்சு!"

சொன்னது நான்தான். கத்திச் சொன்னேன். எட்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். வாயில் வந்துவிட்டது.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "மெய்யாலுமா? எங்க வுழுந்துச்சு? நடுவுலயா?" என்று என் பக்கம் இரண்டு அடி வந்தார். சந்தோஷத்தில் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கும் மறந்துவிட்டது. பிறகு நின்றுவிட்டார்.

"அப்போ உங்களுக்குத் தெரியலை" என்றார் செகரட்டரி. குரலில் கோபம் இல்லை.

சங்கரலிங்கம்தான் ஸ்டிக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினார். "கண்ணு தெரியாமலே என்னைய நேரா அடிக்க வச்சிருக்காரு. கண்ணு தெரிஞ்சவன் யாராவது இந்தக் கட்டையனுக்குச் சொல்லிக்குடுத்திருவானா? நீங்க வேணும்னா ஒரு பந்து அடிங்களேன் சார், பாப்போம்."

"அது வேற, இது வேற முதலியார்."

"நான் முதலியார் இல்லவே."

அதோடு பேச்சு முடிந்தது. கமிட்டிக்கு எழுதுவதாகச் சொன்னார் செகரட்டரி. மாஸ்டர் நாளையிலிருந்து வர வேண்டாம். என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். அந்த ரூமில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"புது ஆள் வர்ற வரைக்கும் நீ சொல்லிக்கொடு. உனக்குக் கண் இருக்கு."

வில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை ஒட்டாமல் போனால் நடந்துவிடுவது என் சுபாவம். நான் போனதால் அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

கேட்டருகே மாஸ்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏறவில்லை, அவர் எப்போதும் தள்ளிக்கொண்டுதான் போவார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரு, நைனாவா?"

"நான்தான் மாஸ்டர்."

"அவன் உனக்கு வேல குடுத்தானா?"

"குடுத்தாரு. வேணாம்னுட்டேன்."

"போடா கிறுக்கு. நீ நின்னிருந்தீன்னா நம்ம பசங்க கையிலயாவது இருந்திருக்கும். இப்ப எவனோ வருவான்." சைக்கிளை ஆற்றுப் பக்கம் திருப்பினார். "சொல்லணும்னா சாயங்காலம் கொழாயாண்ட சொல்லியிருக்கலாம். நான் எங்க ஓடியா போவப்போறேன்?"

அவர் ஆற்றோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் ரோட்டுக்கு வந்தேன்.

அவர் பெண்ணின் கல்யாணம் நடந்தது. ஜவுளி முழுக்கச் சங்கரலிங்கம் கடையிலிருந்து போனது என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். ஆபரேஷனும் செய்துகொண்டாராம். கோச் வேலை மட்டும் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

6. மறுநாள் காலை

அன்று ராத்திரி தேனாம்பேட்டையிலேயே ஒரு கடைத் திண்ணையில் படுத்துக்கொண்டேன். அங்கே மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் கடை. வாசலில் டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆள் வேண்டும் என்று போர்டு எதுவும் இல்லை. நானாகத்தான் போய்க் கேட்டேன்.

மேஸ்திரி பெயர் துலுக்காணம். என் காலைப் பார்த்தார். "செருப்புகூட இல்லாம வந்துகினு கீற. இன்னா வேல தெரியும்?"

"லாரி ஷெட்ல இருந்திருக்கேன். டயர் கழட்டுவேன், மாட்டுவேன்."

"கழட்டு, பாப்போம்."

கழற்றிக் காட்டினேன். இருந்துகொள் என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டாக்சி வந்தது. அம்பாசடர். டிரைவர் முன்பக்க டயரை இறக்கி, மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மொட்டையாகிவிட்டது என்று சண்டைக்கு நின்றார். மேஸ்திரி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து கம்மியா வச்சி ஓட்டிக்கினு இருந்தா மொட்டையாவாம இன்னா ஆவும்? டயர் மேல தப்பு இல்ல அண்ணாத்த."

டயர் என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து கையால் தடவினேன். காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரமும் தேயும். இது ஒரே ஓரம், உள்பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் பட்டன் பட்டனாக அப்படியே இருந்தது. கோளாறு காற்றில் இல்லை. சக்கரம் நேராக நிற்கவில்லை. மேஸ்திரி சொன்னபடி காற்றடித்துவிட்டுப் போனால் அடுத்த டயரும் இரண்டு மாதம்தான்.

டிரைவர் என்னையும் பார்த்தார், மேஸ்திரியையும் பார்த்தார்.

நான் நிமிர்ந்தேன். "மேஸ்திரி, உள்ள அந்த ஜாக்கி எங்க இருக்குன்னு தெரியல. கொஞ்சம் வந்து எடுத்துக் குடுங்களேன்" என்றேன்.

"கண்ணு முன்னாலதானே கீது?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். டயர் அடுக்குக்குப் பின்னால் வந்ததும் மெதுவாகச் சொன்னேன், உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது, சக்கரத்தை நேராகப் பிடிக்கிற டை ராடில்தான் கோளாறு இருக்கும் என்று.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து ஒரு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள வாத்தியாரா? எனக்குத் தெரியாதாடா?"

"தெரியும் மேஸ்திரி. கண்ணுல படலையோன்னு சொன்னேன்."

ஜாக்கியை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். டயரை மறுபடி நிமிர்த்தி, உள் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். சாக்குக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டார்.

"அண்ணாத்த, இங்க பாரு. காத்து மட்டும் இல்ல. வண்டிய உள்ள வுடு, டை ராடயும் பாத்துடலாம்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் ஜாக்கியோடு உள்ளேயே நின்றேன். பிறகு வெளியே வந்து வண்டியைத் தூக்கினேன்.